டோரிக் லென்ஸ் ஏன் திரும்புகிறது?

கண்புரை அறுவை சிகிச்சையில் வைக்கிற சாதாரண லென்ஸ் கண்ணுக்குள் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் யாருக்கும் கவலையில்லை. அது எல்லாத் திசையிலும் ஒரே பவர் கொண்டது. நாற்பது டிகிரி சுழன்றால்கூட நோயாளிக்கும் தெரியாது, மருத்துவரும் தேடிப் பார்க்க மாட்டார். டோரிக் லென்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. சிலிண்டர் பவரை, அதாவது ஆஸ்டிக்மாட்டிசத்தைச் சரிசெய்ய வைக்கிற லென்ஸ் அது. குறித்த அச்சில் உட்கார்ந்தால்தான் அதற்கு மதிப்பு. பத்து டிகிரி விலகினால் மூன்றில் ஒரு பங்கு பலன் போய்விடும். முப்பது டிகிரி விலகினால், அந்த லென்ஸுக்குப் பதில் சாதாரண லென்ஸே வைத்திருக்கலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. லென்ஸ் நிலைத்து நிற்குமா, திரும்புமா என்பது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல முடிவாகிற விஷயமல்ல. பெரும்பாலும் அறுவை சிகிச்சை முடிந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மிச்சம் முதல் சில நாட்களில். அதற்குப் பிறகு கண்ணே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லென்ஸின் வடிவம், அது செய்யப்பட்ட பொருள், மருத்துவரின் கைவேலை, நோயாளியுடைய கண்ணின் அளவு என்று நாம் பேசும் எல்லாமே அந்தச் சில மணி நேரத்தைத் தாண்டுவதற்கான ஏற்பாடுகள்தான்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கருவிழியின், அதாவது கண்ணின் முன்னால் இருக்கும் ஒளிபுகும் படலத்தின், முன்பரப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் ஒளி ஒரு புள்ளியில் குவியும். ஒரு திசையில் வளைவு அதிகமாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் குறைவாகவும் இருந்தால் ஒளி இரண்டு வெவ்வேறு தூரங்களில் குவிகிறது. கிட்டத்திலும் தூரத்திலும் எழுத்து இழுபட்டு, நிழல் விழுந்த மாதிரி தெரியும். கண்புரைக்கு வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கருவிழியில் ஒரு டயாப்டரோ (பவரை அளக்கும் அலகு) அதற்கு மேலோ இந்தக் குறை இருக்கிறது. கண்புரையை மட்டும் எடுத்துச் சாதாரண லென்ஸ் வைத்தால் புரை போகும், சிலிண்டர் பவர் அப்படியே நிற்கும், கண்ணாடியும் தொடரும். டோரிக் லென்ஸில் இரு திசைகளுக்கு இரு வேறு பவர் இருக்கும். அதன் ஓரத்தில் பொறித்த சிறு புள்ளிகளோ கோடுகளோ பவர் குறைந்த திசையைக் காட்டும். அந்தப் புள்ளிகளைக் கருவிழியின் வளைவு அதிகமான அச்சோடு ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அங்கேயே நிற்க வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

'ஒரு டிகிரி திரும்பினால் 3.3 சதவீதம் பலன் குறையும்' என்பது கண் மருத்துவ வட்டாரத்தில் எல்லோரும் சொல்கிற வாய்ப்பாடு. முப்பது டிகிரியில் நூறு சதவீதம் போய்விடுவதால், நூறை முப்பதால் வகுத்து வந்த எண் அது. உண்மையில் இந்த உறவு நேர்கோடு அல்ல. லென்ஸ் சரிசெய்ய வேண்டிய சிலிண்டரை, விலகிய கோணத்தின் சைன் மதிப்பின் இரு மடங்கால் பெருக்கினால் வருவதுதான் மிஞ்சுகிற சிலிண்டர் பவர். அப்படிப் பார்த்தால் 5 டிகிரிக்கு 17 சதவீதம், 10 டிகிரிக்கு 35, 15 டிகிரிக்கு 52, 20 டிகிரிக்கு 68. முப்பதில் நூறு. அதற்கு மேல் போனால் லென்ஸ் உதவுவதை விட்டுவிட்டுக் கெடுக்க ஆரம்பிக்கும். தொண்ணூறு டிகிரியில் நோயாளிக்கு முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்கு சிலிண்டர் பவர் இருக்கும்.

சதவீதம் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கருவிழி அளவில் 1.5 டயாப்டர் சரிசெய்கிற லென்ஸ் 10 டிகிரி திரும்பினால் மிஞ்சுவது அரை டயாப்டர்தான். பலர் அதோடு கண்ணாடியில்லாமல் சமாளித்துவிடுவார்கள். அதே 10 டிகிரி, 3 டயாப்டர் சரிசெய்கிற லென்ஸில் ஒரு டயாப்டருக்குச் சற்று மேல் மிச்சம் வைக்கும். அது உடனே தெரியும், புகாராகவும் வரும். ஆகவே 'எத்தனை டிகிரி வரை பரவாயில்லை?' என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் இல்லை. எவ்வளவு வலுவான டோரிக் லென்ஸோ அவ்வளவு குறைவாகத்தான் அதற்கு மன்னிப்பு உண்டு. மல்டிஃபோகல் டோரிக் லென்ஸ் என்றால் இன்னும் மோசம். ஒளியை ஏற்கெனவே பங்குபோட்டுப் பல தூரங்களுக்கு அனுப்புகிற லென்ஸில் அரை டயாப்டர் மிச்சம்கூடப் பார்வையைக் கலக்கும்.

கடிகார முகத்தை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வது 6 டிகிரி. ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு லென்ஸ் அதைவிடக் குறைவாகத்தான் பிசகலாம் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

இன்னொரு விஷயம், கண்ணாடிக் கடையில் இருப்பவர்களையும் குழப்புவது. லென்ஸ் சற்றே திரும்பினால் மிஞ்சுகிற சிலிண்டர், பழைய அச்சிலேயே நிற்காது. இரண்டு சிலிண்டர்கள் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று விழும்போது பிறக்கும் புது சிலிண்டரின் அச்சு, பழைய அச்சிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி தள்ளி வரும். அறுவை சிகிச்சைக்கு முன்பு 90-இல் இருந்த ஒருவருக்குப் பிறகு 45-இலோ 135-இலோ அச்சு வந்தால் பலர் அளவெடுத்ததில் தப்பு என்று நினைப்பார்கள். அப்படி ஒரு சாய்ந்த அச்சு புதிதாக முளைத்தால், லென்ஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதல் லென்ஸ்கள் எப்படி நடந்துகொண்டன?

1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் பாய்ந்த பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் சில்லுகளைக் கண் பெரிதாக எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்து வந்த யோசனை அது. லென்ஸைப் பிடித்து நிறுத்த அதன் இரு பக்கமும் நீட்டியிருக்கும் வளைந்த கால்கள் அந்த லென்ஸுக்குக் கிடையாது. கண்ணுக்குள் இடம் பெயர்ந்து விழுவது அப்போதே பெரிய தலைவலி. சுழற்சியைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் அன்று யாரும் இல்லை. லென்ஸ் உள்ளே நின்றாலே போதும்.

டோரிக் லென்ஸை முதலில் கண்ணில் வைத்துப் பார்த்தவர் ஜப்பானின் கிமியா ஷிமிசு. 1990-களின் தொடக்கத்தில் செய்து 1994-இல் வெளியிட்டார். மடக்க முடியாத கடினமான பி.எம்.எம்.ஏ. பிளாஸ்டிக் லென்ஸ், உள்ளே நுழைக்க 5.7 மி.மீ. வெட்டு. முடிவுகளைப் பார்த்தால் அன்றைய நிலை புரியும்: ஏறக்குறைய பாதிப் பேருக்கு லென்ஸ் பத்து டிகிரிக்கு மேல் திரும்பியிருந்தது, ஐந்தில் ஒருவருக்கு முப்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. ஒளியியல் சரியாக இருந்தது, பிடிமானம்தான் இல்லை.

அடுத்து வந்தது ஸ்டார் நிறுவனத்தின் சிலிக்கோன் தகடு வடிவ லென்ஸ். அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்ற முதல் டோரிக் லென்ஸ் அதுதான். வளைந்த கால்களுக்குப் பதிலாக இரு பக்கமும் தட்டையான தகடு, மொத்த நீளம் 10.8 மி.மீ. சிலிக்கோன் வழுவழுப்பானது, லென்ஸ் உட்காரும் பையின் (கண்ணின் சொந்த லென்ஸைச் சுற்றியிருந்த மெல்லிய உறை) சுவரோடு ஒட்டாது. நீளமும் போதவில்லை. பெரிய கண்களில் இந்த லென்ஸ் பையின் ஓரத்தைத் தொடாமலே கிடந்தது. 11.2 மி.மீ. நீளமுள்ள வகை வந்ததும் நிலைமை நன்றாகத் தேறியது. 0.4 மி.மீ.தான் வித்தியாசம்! 2005-இல் ஆல்கான் நிறுவனத்தின் அக்ரிசாஃப் டோரிக் வந்த பிறகே டோரிக் லென்ஸ் பரவலாகப் பழக்கத்துக்கு வந்தது. நீர் ஒட்டாத அக்ரிலிக், ஒரே துண்டாகச் செய்தது, மொத்த நீளம் 13 மி.மீ. அந்த அக்ரிலிக்கின் பிசுபிசுப்பான மேற்பரப்புதான் அதன் உண்மையான பலம் என்பது பின்னால்தான் நன்றாக விளங்கியது.

லென்ஸைப் பிடித்து வைப்பது எது?

கண்புரையை உறிஞ்சி எடுத்த பிறகு மிஞ்சுவது, முன்பக்கம் வட்டமாகத் திறந்த மெல்லிய பை ஒன்று. அதன் குறுக்களவு ஏறக்குறைய பத்தரை மில்லிமீட்டர். அதற்குள் 13 மி.மீ. நீளமுள்ள லென்ஸை வைத்தால் கால்கள் மடங்கி வெளிப்பக்கமாக அழுத்தும். முதல் கட்டப் பிடிப்பு இந்த அழுத்தமும் அது உண்டாக்கும் உராய்வும்தான். வேறெதுவும் இல்லை. தையல் கிடையாது, பசையும் கிடையாது.

இரண்டாவது கட்டம் ஒட்டுதல். நீர் ஒட்டாத அக்ரிலிக்கின் மேல் ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்கள் நன்றாகப் படியும். அவை பையின் சுவரையும் லென்ஸையும் இணைக்கும். சிலிக்கோனில் இது அவ்வளவாக நடக்காது. மூன்றாவது கட்டம் பை சுருங்குவது. பையின் ஓரத்தில் மிச்சமிருக்கும் செல்கள் பெருகி, முன்சுவரும் பின்சுவரும் லென்ஸைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, நார்த்தன்மை ஏறிப் பை இறுகும். இது சில நாட்களில் தொடங்கி வாரக்கணக்கில் போகும். இந்த மூன்றாவது கட்டம் வந்த பிறகு லென்ஸைத் திருப்ப வேண்டுமென்றால் மருத்துவரே ஒட்டுகளைப் பிரித்தாக வேண்டும்.

ஆபத்து எங்கே என்று இப்போது தெரியும். முதல் கட்டத்துக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் நடுவில், வெறும் உராய்வை நம்பி லென்ஸ் உட்கார்ந்திருக்கிற நேரத்தில். 2017-இல் ஜப்பானில் இனோவே குழுவினர் இதை நேரடியாகவே அளந்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்தவுடன் ஒரு படம், ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, மறுநாள், ஒரு வாரம், அப்புறம் மாதங்கள் என்று எடுத்துப் பார்த்ததில், அதிகமான திருப்பம் முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்திருந்தது. சராசரியாகச் சுமார் 4 டிகிரி. அதற்குப் பிறகு நகர்ந்தது மிகக் குறைவு. மறுநாள் காலையில் பரிசோதனைக்கு வரும்போது பார்க்கிற திருப்பம், பெரும்பாலும் முந்தைய நாளே நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நடந்து முடிந்தது.

எந்தக் கண்ணில் திரும்பும்?

நீளமான கண்களில். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களின் கண் நீளமாக இருக்கும், பையும் பெரிதாக இருப்பது வழக்கம். ஒரே 13 மி.மீ. லென்ஸ் சின்னப் பையில் இறுக்கமாகவும் பெரிய பையில் தளர்வாகவும் உட்காரும். செருப்பு வாங்கும்போது அளவு கேட்பவர்கள் நாம். லென்ஸுக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே அளவு, ஏனென்றால் பையின் குறுக்களவை அறுவை சிகிச்சைக்கு முன்னால் நேரடியாக அளப்பது எளிதல்ல. கண்ணின் நீளத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

விஸ்கோ மிச்சம் இருந்தால். அறுவை சிகிச்சையின்போது கண்ணுக்குள் இடம் உண்டாக்கி வைக்கிற கொழகொழப்பான திரவத்தை மருத்துவர்கள் விஸ்கோ என்பார்கள். லென்ஸுக்குப் பின்னால் அது தங்கிவிட்டால் லென்ஸுக்கும் பைக்கும் நடுவில் மசகு போட்ட மாதிரிதான். லென்ஸின் முன்பக்கத்தில் இருக்கிறதை உறிஞ்சுவது சுலபம், பின்னால் இருக்கிறதை எடுக்க லென்ஸைச் சற்றே தூக்கி அடியில் குழாயை விட வேண்டும். சோம்பல்படுகிற இடம் அதுதான், விலை கொடுக்கிற இடமும் அதுதான்.

பையின் முன்சுவரில் போடும் வட்டத் திறப்பு மிகப் பெரிதாகவோ கோணலாகவோ இருந்தால் அதன் விளிம்பு லென்ஸின் ஓரத்தை எல்லாப் பக்கமும் மூடாது. வெட்டு சரியாக மூடாமல் கண்ணிலிருந்து திரவம் கசிந்தால் கருவிழிக்குப் பின்னால் திரவம் நிறைந்திருக்கும் முன்னறையின் ஆழம் குறைந்து, பையும் லென்ஸும் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தில் லென்ஸ் வழுக்கும். அதேபோல, கடைசியில் கண்ணை அளவுக்கு மீறி ஊதி விட்டாலும் பை விரிந்து கால்களின் பிடி தளரும். அக்ரிலிக் லென்ஸ் உள்ளே போனதும் மெதுவாகத்தான் விரியும். ஒரு கால் லென்ஸின் உடலோடு ஒட்டிக்கொண்டு முழுதாக நீளாமல் இருந்தால், நோயாளி அறுவை அறையை விட்டு வெளியே வந்த பிறகு அது விடுபட்டு லென்ஸை உந்தித் திருப்பும்.

செங்குத்தாக, அதாவது 90 டிகிரிக்குப் பக்கத்தில் வைக்கிற லென்ஸ்கள் கிடைமட்டமாக வைப்பவற்றைவிட அதிகம் திரும்புவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புவியீர்ப்பு என்று சொல்பவர்கள் உண்டு. பை துல்லியமான வட்டமாக இல்லாமல் இருப்பதைக் காரணம் காட்டுபவர்களும் உண்டு. நோயாளி தலையைத் திருப்பினார், இருமினார், குனிந்தார் என்பதை எல்லாம் காரணமாகச் சொல்வது மருத்துவமனை வராந்தாக்களில் சகஜம். உள்ளே பிடி சரியாக இருந்தால் சாதாரண அசைவுகளால் லென்ஸ் திரும்பாது என்பதே என் எண்ணம். நோயாளியின் மேல் பழியைப் போடுவது வசதியான வழக்கம், அவ்வளவுதான்.

கடைசி இரண்டு நிமிடம்

அனுபவமுள்ள ஒருவர் டோரிக் லென்ஸ் வைப்பதை மைக்ரோஸ்கோப் திரையில் பார்த்தால், கண்புரையை உடைத்து எடுக்கிற பரபரப்பான பகுதியைவிட அதற்குப் பிறகு நடக்கிற நிதானமான பகுதிதான் சுவாரஸ்யம். லென்ஸ் சுமார் 2.2 மி.மீ. வெட்டு வழியாகச் சுருட்டியபடி உள்ளே போகும். விரியும்போதே அதை இறுதி அச்சுக்குப் பத்துப் பதினைந்து டிகிரி இடம்சுழியாகக் குறையுமாறு நிறுத்துவார். இந்த லென்ஸ்களின் கால்கள் வளைந்திருக்கிற விதத்தால் அவற்றை வலம்சுழியாகத் திருப்புவதுதான் சுலபம். குறியைத் தாண்டிவிட்டால் பின்னால் இழுப்பது கஷ்டம், ஏறக்குறைய முழுச்சுற்றின் பாதியைச் சுற்றி வர வேண்டியிருக்கும். பிறகு விஸ்கோவை எடுப்பார்: முன்னால், ஓரத்தில், லென்ஸுக்கு அடியில். இந்த உறிஞ்சலில் லென்ஸ் கொஞ்சம் நகரத்தான் செய்யும்; முன்கூட்டியே விட்டுவைத்த பதினைந்து டிகிரி இதற்குத்தான். கடைசியாகக் கொக்கியால் மெல்லத் தள்ளிப் புள்ளிகளைக் குறியோடு சேர்த்து, லென்ஸின் நடுவில் லேசாக அழுத்திப் பின்சுவரோடு படிய வைப்பார். வெட்டின் ஓரங்களில் நீர் செலுத்தி மூடுவார். மூடிய பிறகு மறுபடி புள்ளிகளைப் பார்ப்பார். அந்தக் கடைசிப் பார்வையைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

திரும்பியதா, முதலிலேயே தப்பாக வைத்ததா?

லென்ஸ் தப்பான அச்சில் இருந்தால் எல்லோரும் 'திரும்பிவிட்டது' என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அறுவை சிகிச்சை மேசையில் படுத்தவுடன் கண் தன் அச்சில் சற்றே சுழலும். சராசரியாக இரண்டிலிருந்து நான்கு டிகிரி, சிலருக்குப் பத்துக்கும் மேல். ஆகவே நோயாளி நேராக உட்கார்ந்திருக்கும்போதே கருவிழி ஓரத்தில் மையால் குறி வைத்துவிட வேண்டும். அந்த மைக்குறி தடிமனாக இருந்தால் அதிலேயே இரண்டு மூன்று டிகிரி போய்விடும், கண்ணீரில் கரைந்து பரவினால் இன்னும் கொஞ்சம். இதைத் தவிர்க்கத்தான் வெரியான், கலிஸ்டோ போன்ற கருவிகள் வந்தன. உட்கார்ந்த நிலையில் எடுத்த படத்தில் இருக்கும் வெண்விழியின் ரத்த நாளங்களை அடையாளமாக வைத்து, மைக்ரோஸ்கோப் காட்சியின் மேலேயே அச்சுக்கோட்டை அவை வரைந்து காட்டும். வைப்பதில் வரும் பிழையை இவை குறைக்கும். வைத்த பிறகு திரும்புவதை எந்தக் கருவியும் தடுக்காது.

இன்னொன்று, அளவெடுத்ததே தப்பாக இருப்பது. வறண்ட கண்ணில் எடுத்த கருவிழி அளவை நம்ப முடியாது. கருவிழியின் பின்பரப்பிலும் கொஞ்சம் ஆஸ்டிக்மாட்டிசம் உண்டு. 2012-இல் டக்ளஸ் காக் குழுவினர் அளந்தபோது அது சராசரியாக 0.3 டயாப்டர் வந்தது. முன்பரப்பை மட்டும் அளந்து கணக்குப் போட்டால் சிலருக்கு அதிகமாகவும் சிலருக்குக் குறைவாகவும் திருத்திவிடுகிறோம் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. இன்று பாரெட் டோரிக் கணிப்பான் போன்றவை இதைச் சேர்த்தே கணக்கிடுகின்றன. லென்ஸ் சொன்ன இடத்திலேயே அசையாமல் இருந்தும் சிலிண்டர் மிஞ்சினால் காரணம் இங்கேதான் இருக்கும். அந்தக் கண்ணைத் திறந்து லென்ஸைத் திருப்பினால் இருப்பதும் கெடலாம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரித்து, ஸ்லிட் லாம்ப் என்ற பரிசோதனைக் கருவியின் ஒளிக்கோட்டைச் சுழற்றிப் புள்ளிகளோடு சேர்த்து, கோண அளவைப் படிக்க வேண்டும். பாப்பாவை விரிக்காமல் புள்ளிகள் தெரியாது, ஏனென்றால் அவை லென்ஸின் ஓரத்தில் இருக்கின்றன. நோயாளி தலையை இரண்டு டிகிரி சாய்த்து வைத்திருந்தால் அந்த இரண்டு டிகிரியும் அளவில் ஏறிவிடும். அதனால்தான் நல்ல ஆய்வுகள் ரத்த நாளங்களை ஒப்பிட்டுப் படத்திலிருந்து கோணத்தை எடுக்கின்றன.

எண்களை எப்படிப் படிப்பது?

லென்ஸ் நிறுவனங்களின் விளம்பரத்தில் 'சராசரித் திருப்பம் 2 டிகிரி' போன்ற வரிகள் வரும். சராசரியால் பெரிய பயனில்லை. நூறு கண்களில் தொண்ணூற்றேழு ஒரு டிகிரியும் மூன்று நாற்பது டிகிரியும் திரும்பினாலும் சராசரி அழகாகத்தான் வரும். அவதிப்படுவது அந்த மூன்று பேர். கேட்க வேண்டியது, ஐந்து டிகிரிக்குள் எத்தனை சதவீதம், பத்துக்கு மேல் எத்தனை, திரும்ப அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் எத்தனை என்பதைத்தான். அமெரிக்கத் தர அளவுகோல் ஒன்று, மூன்று மாத இடைவெளியில் எடுக்கும் இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே தொண்ணூறு சதவீத லென்ஸ்கள் ஐந்து டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்கிறது. முதல் மணி நேரத்தில்தான் பெரும்பகுதி திருப்பம் என்று தெரிந்த பிறகு இந்த அளவுகோல் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. திரும்ப வேண்டியது திரும்பி முடிந்த பிறகு நிற்கிறதா என்று பார்ப்பதாகத்தானே அது முடியும்?

லென்ஸ்களுக்குள் வித்தியாசம் உண்டா என்றால், உண்டு. பிரையன் லீயும் டேவிட் சாங்கும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 1,273 கண்கள் இருந்தன. அக்ரிசாஃப் வைத்தவற்றில் 91.9 சதவீதமும் டெக்னிஸ் என்ற இன்னொரு லென்ஸ் வைத்தவற்றில் 81.8 சதவீதமும் ஐந்து டிகிரிக்குள் நின்றன. டெக்னிஸ் திரும்பும்போது இடம்சுழியாகவே திரும்புகிற போக்கும் தெரிந்தது. இரண்டும் அக்ரிலிக்தான், இரண்டுக்கும் வளைந்த கால்கள்தான். மேற்பரப்பின் பிசுபிசுப்பும் கால்களின் நயமும் வேறு. பின்னால் வந்த டெக்னிஸ் டோரிக் II வகையில் கால்களின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். ஒளி போகிற பகுதியில் எதையும் மாற்றாமல், பிடிக்கிற பகுதியில் மட்டும் உராய்வைக் கூட்டியது நல்ல பலன் தந்தது. ஷிமிசு காலத்தில் தெரிந்த அதே பாடம்தான்.

திரும்பிவிட்டால்?

பயப்பட வேண்டிய நிலையல்ல. ஜப்பானில் ஓஷிகா குழுவினர் 6,431 டோரிக் கண்களைத் தொகுத்துப் பார்த்ததில், திருத்தி வைக்க மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டவை 42 மட்டுமே. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மிச்சமுள்ள சிலிண்டர் கொஞ்சமாக இருந்து நோயாளிக்குத் தொந்தரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

திருத்துவதென்றால் எப்போது என்பதுதான் முக்கியம். மறுநாளே அவசரப்பட்டுத் திருப்பினால், பை இன்னும் இறுகாததால் லென்ஸ் மறுபடி நழுவ வாய்ப்பு அதிகம். பல மாதம் காத்திருந்தால் பை ஒட்டிப்போய் லென்ஸை விடுவிப்பதே ஆபத்தாகும். ஒரு வாரம் கழிந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் என்பது பெரும்பாலோர் கடைப்பிடிக்கும் காலம். பை கொஞ்சம் சுருங்கிப் பிடி கொடுக்கத் தொடங்கியிருக்கும், ஆனால் பிரிக்க முடியாத அளவு ஒட்டியிருக்காது. ஓஷிகா ஆய்விலும் முதல் வாரத்துக்குள் திருத்தியவற்றைவிட அதற்குப் பிறகு திருத்தியவற்றின் முடிவு மேலாக இருந்தது.

எங்கே திருப்புவது? முதலில் திட்டமிட்ட அச்சுக்குத்தான் என்று நினைப்போம். அவசியமில்லை. அறுவை சிகிச்சை வெட்டே கருவிழியின் வளைவைக் கொஞ்சம் மாற்றியிருக்கும், முதல் அளவிலும் சிறு பிழை இருந்திருக்கலாம். லென்ஸ் இப்போது இருக்கிற அச்சு, அதன் பவர், நோயாளிக்கு இப்போது வருகிற கண்ணாடிப் பவர் ஆகிய மூன்றையும் கொடுத்தால், எந்த அச்சில் மிச்சம் மிகக் குறையும் என்று சொல்லும் இணையக் கணிப்பான்கள் இருக்கின்றன. பெர்டால், ஹார்டன் என்ற இரு மருத்துவர்கள் உருவாக்கியது இவற்றில் பெயர் பெற்றது. சில நேரம் அது, 'எங்கே திருப்பினாலும் ஒரு டயாப்டர் மிஞ்சும்' என்று காட்டும். அப்போது லென்ஸின் பவரே பொருந்தவில்லை என்று பொருள். லென்ஸை மாற்றுவது அல்லது கருவிழியில் லேசர் செய்வது பற்றி யோசிக்க வேண்டும்.

திருப்பி வைத்தும் மறுபடி நழுவினால் பை மிகப் பெரிது என்று கொள்ளலாம். பைக்குள் சி வடிவ வளையம் ஒன்றை வைத்து அதை வட்டமாக இழுத்துப் பிடிக்கச் செய்வது ஒரு வழி. லென்ஸின் கண்ணாடிப் பகுதியை மட்டும் முன்திறப்பின் விளிம்புக்கு மேலே எடுத்து, அந்த விளிம்பிலேயே மாட்டி நிறுத்துவது இன்னொரு வழி. இதற்குத் திறப்பு சரியான அளவிலும் நடுவிலும் இருக்க வேண்டும். முதல் கண்ணில் லென்ஸ் திரும்பியவருக்கு இரண்டாவது கண்ணைச் செய்யும்போது இதையெல்லாம் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு கண்களின் பைகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பைக்குள் உட்காரும் லென்ஸுக்கு. கண்ணின் சொந்த லென்ஸை எடுக்காமல் அதற்கு முன்னால், பாப்பாவுக்குப் பின்னால் வைக்கிற டோரிக் ஐ.சி.எல். லென்ஸ்களுக்குக் கதை வேறு. இவை அதிகக் கிட்டப்பார்வையும் சிலிண்டரும் உள்ள இளைஞர்களுக்கு வைப்பவை. அமெரிக்காவில் டோரிக் வகைக்கு 2018-இல் அனுமதி கிடைத்தது. இங்கே சுருங்கி இறுகிப் பிடிக்கப் பை இல்லை, ஒட்டுதலும் இல்லை, இருக்கவும் கூடாது. பிடிப்பு முழுவதும் லென்ஸின் நீளத்தைப் பொறுத்தது. அளவு சிறிதாகப் போனால் லென்ஸ் தாழ்ந்து உட்கார்ந்து தளர்வாகச் சுழலும், அதுவும் முதல் வாரத்தோடு முடியாமல், மாதங்கள் கழித்துக் கண்ணில் அடிபட்டபோதுகூட. ஒரு முறை திருப்பி வைத்தும் நிற்காவிட்டால் அதே லென்ஸோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை, அடுத்த பெரிய அளவுக்கு மாற்றிவிட வேண்டியதுதான்.